எழுதப் படிக்க: ஒரு பிடி மணலின் வரலாறு

ஒருவருக்குக் கல்வி உண்டா என்று அறிய நாம் கேட்கும் கேள்வி, 'எழுதப் படிக்கத் தெரியுமா?' என்பது. இதில் எழுத்து முன்னே நிற்கிறது, படிப்பு அதன் பின்னே வருகிறது. ஆங்கிலேயர் வழக்கிலோ வரிசை நேர்மாறு. அங்கே படிப்புக்குப் பிறகே எழுத்து. இதை வெறும் பேச்சுவழக்கு என்று தள்ளிவிடலாம்தான். ஆயினும் எழும்பூரில் நடந்த ஒரு நிகழ்ச்சியை அறிந்த பிறகு, இரண்டு பள்ளி மரபுகளின் வேறுபாடே இச்சொற்களில் படிந்து கிடக்கிறதோ என்று நமக்குத் தோன்றுகிறது.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1787 இல் சென்னைக்கு வந்தார். ஈராண்டுகள் கழித்து, எழும்பூரில் இருந்த ஆண் அநாதைச் சிறுவர் விடுதியின் கண்காணிப்பாளர் ஆனார். கும்பினிப் படையிலிருந்த ஐரோப்பியர்களின் பிள்ளைகள் அங்கே வளர்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோரின் தாய்மார் இந்தியப் பெண்கள். விடுதியின் உதவி ஆசிரியர்களோ உற்சாகமற்றவர்கள். நாட்கள் கழிந்தனவே தவிர, சிறுவர்கள் அகரவரிசையைக்கூடத் தாண்டவில்லை.

இந்நிலையில் ஒருநாள் குதிரையில் சென்றுகொண்டிருந்த பெல், வழியில் ஒரு 'மலபார்' பள்ளியைக் கண்டார். பிள்ளைகள் தரையில் அமர்ந்து, பரப்பிய மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தனர். 'மலபார்' என்றதும் வாசகர்கள் கேரளத்திற்குச் சென்றுவிட வேண்டாம். அக்கால ஐரோப்பியர் தமிழையும் தமிழரையும் அச்சொல்லாலேயே குறித்தனர். ஆக, அவர் கண்டது நம் திண்ணைப் பள்ளிக்கூடம்.

விடுதிக்குத் திரும்பியதும், அகரவரிசையை மணலில் எழுதியே கற்பிக்கும்படி உத்தரவிட்டார். உதவி ஆசிரியர் இசையவில்லை. அது நடவாத காரியம் என்றார். பெல் அவரை விட்டுவிட்டு, விடுதியிலேயே படித்துக்கொண்டிருந்த ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அந்த வகுப்பை ஒப்படைத்தார். ஆசிரியர் முடியாதென்றதை அந்தச் சிறுவன் செய்து காட்டினான். பிறகு மற்ற வகுப்புகளுக்கும் மாணவர்களே ஆசிரியர்களாயினர். 1796 இல் தாயகம் திரும்பிய பெல், மறு ஆண்டு லண்டனில் இச்சோதனையைப் பற்றி ஒரு சிறுநூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயர் இவ்வாறு பிறந்தது.

மணலில் அப்படி என்ன இருக்கிறது? அக்கால இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளை முதலில் எழுத்துகளைப் பார்த்து வாயால் சொல்லப் பழகினான். எழுதும் பாடம் பிந்தி வந்தது. பல இடங்களில் அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. தாளும் இறகுப் பேனாவும் செலவு வைப்பவை. எழுதும் பருவம் வருமுன்பே பள்ளியை விட்டு வேலைக்குப் போனவர்கள் ஏராளம். திண்ணையில் இந்த இடைவெளியே இல்லை. அங்கே எழுத்தின் வடிவத்தை விரல் வரையும்போதே வாய் அதன் ஒலியைச் சொல்கிறது, காதும் கேட்கிறது. 'அ'வின் சுழியை ஒரு குழந்தை கண்ணால் அறிவதற்கு முன் விரலால் அறிந்துவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஓலை கண்டிப்பானது. எழுத்தாணி ஒருமுறை கீறியதை அழிக்க வழியில்லை. மணல் பொறுமையானது. பிழையை உள்ளங்கையால் ஒருமுறை தடவினால் போதும், அடுத்த எழுத்துக்கு இடம் தயார். பிழைக்கு அஞ்சாமல் நூறு முறை எழுதிப் பார்த்த பின்னரே பிள்ளை ஓலையைத் தொட்டான். மணலின் மலிவைப் பலரும் பேசியிருக்கிறார்கள். அது தந்த இந்தச் சுதந்திரமே நமக்கு அதனினும் பெரிதாகப் படுகிறது.

மணலைத் திண்ணையில் கண்டதாகப் பெல் ஒப்புக்கொண்டார். மாணவன் மாணவனுக்குக் கற்பிக்கும் முறையையோ தம் கண்டுபிடிப்பாகவே கருதினார். அவர் பொய் சொன்னார் என்று நாம் கூறவில்லை. ஆசிரியர் மறுத்த நெருக்கடியில் அது அவருக்குத் தோன்றியிருக்கலாம். ஆனால் நம் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை அவருக்கு முன்பே இருந்தவன். 1623 இல் இக்கேரிப் பகுதிக்கு வந்த இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வல்லே, ஒரு கோயில் முகப்பில் சிறுவர் சிலர் மணல் தூவிய தரையில் எழுதியபடி கணக்குப் பாடத்தைப் பாடிக் கற்பதைக் கண்டார். தவறினால் யார் திருத்துவார் என்று கேட்டதற்கு, ஆசிரியர் வேண்டியதில்லை, நாங்களே ஒருவருக்கொருவர் கற்பித்துக்கொள்கிறோம் என்ற பொருள்பட அவர்கள் விடையளித்ததாகவும் பதிவு செய்திருக்கிறார். 1823 இல் பெல்லாரி கலெக்டர் ஏ. டி. கேம்பல் எழுதிய அறிக்கை இன்னும் வெளிப்படையானது. சிக்கனமாக எழுதக் கற்பிப்பது, முன்னேறிய மாணவரைக் கொண்டு பின்தங்கியவருக்குச் சொல்லித்தருவது ஆகிய இரண்டும் இந்நாட்டுப் பள்ளிகளின் வழக்கம் என்றும், இங்கிலாந்து அதைப் பின்பற்றியது தகும் என்றும் அவர் பாராட்டினார்.

இங்கிலாந்தில் இம்முறை என்ன ஆயிற்று? 1798 இல் லண்டனில் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டர், பெல்லின் நூலைப் படித்துத் தம் பள்ளியில் மணல் மேசைகளை அமைத்தார். ஒரே ஆசிரியர் ஆயிரம் பிள்ளைகளுக்குக் கற்பிக்க முடியும் என்று முழங்கினார். இருவரின் ஆதரவாளர்களுக்கும் இடையே முறைக்கு உரியவர் யார் என்ற சண்டை மூண்டது. 1811 இல் ஆங்கிலத் திருச்சபை சார்பில் தேசியச் சங்கம் தோன்றி, பெல்லின் முறையில் பள்ளிகளை நிறுவியது. எழுதப் படிக்க வாய்ப்பே இல்லாதிருந்த ஏழைப் பிள்ளைகள் பெருந்திரளாகப் பள்ளிக்குள் வந்தனர் என்பதை மறுக்க முடியாது. ஆனால் திண்ணையில் இருபது முப்பது பிள்ளைகளுக்கு நடுவே மூத்தவன் இளையவனின் விரலைப் பிடித்து எழுதுவித்த உறவு, அங்கே கட்டளைக்கு எழுந்து கட்டளைக்கு அமரும் படைப்பயிற்சியாக மாறிவிட்டது. 1846 இல் சம்பளம் பெறும் பயிற்சி மாணவ ஆசிரியர் முறை வந்ததும் மதராஸ் முறை மங்கத் தொடங்கியது. பெல்லின் கொடையால் 1830களில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் எழுந்த 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பள்ளி இன்றும் நம் ஊரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இதையெல்லாம் படித்துப் பெருமிதம் பொங்குவது இயல்பே. அதே கேம்பலின் மற்ற வரிகளையும் படித்துவிட்டால் அது கொஞ்சம் அடங்கும். பிள்ளைகள் செய்யுட்களைப் பொருள் விளங்காமலே நெட்டுருச் செய்கிறார்கள் என்று அவர் குறைப்பட்டார். காலையில் முதலில் வருபவனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரையும், இரண்டாமவன் கையில் ஒரு சுழியத்தையும் எழுதுவார்களாம். மூன்றாமவனுக்கு ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு என்று ஏறிக்கொண்டே போகும். கடைசியில் வருபவனின் கதியை நினைத்தால் நமக்கே கை கூசுகிறது.

அடுத்து, திண்ணையில் யார் அமர்ந்தார்கள் என்ற கேள்வி. தாமஸ் மன்றோ 1822 இல் ஆணையிட்டு, 1826 இல் தொகுத்தளித்த கணக்கின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். தரம்பாலின் 1983 ஆம் ஆண்டு நூல் இவ்வாவணங்களை மீண்டும் நம் கவனத்துக்குக் கொண்டுவந்தது. பிராமணரல்லாத பிள்ளைகள் தமிழ் மாவட்டங்களில் பெருமளவில் படித்தனர் என்பதை அதில் காண்கிறோம். ஆனால் அந்த 1,88,650 பேரில் பெண்கள் 4,540 பேர்தாம். சேரிப் பிள்ளைகளுக்கும் திண்ணை பெரும்பாலும் எட்டாத உயரத்திலேயே இருந்தது. மணல் மலிவாகத்தான் கிடைத்தது. அதன் முன் அமரும் உரிமை அவ்வாறு கிடைக்கவில்லை.

கப்பல் ஏறாத ஒரு பாடமுறையும் உண்டு. அதை உ.வே. சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் பதிந்து வைத்திருக்கிறார். 1855 இல் பிறந்த அவர் கற்ற திண்ணைப் பள்ளி, பெல் கண்டதற்கு ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் பிந்தியது. அங்கே மாலையில் பிள்ளைகள் வீட்டுக்குப் புறப்படும்போது உபாத்தியாயர் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயரைச் சொல்லி அனுப்புவார். பூ, விலங்கு, ஊர் என்று ஏதேனும் ஒன்றின் பெயராக அது இருக்கும். மறுநாள் மறவாமல் வந்து சொல்ல வேண்டும். ஓலையும் மணலும் தேவைப்படாத வீட்டுப்பாடம் அது. தனக்கு வாய்த்த பூவின் பெயர் நழுவிவிடாதபடி வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே பிள்ளைகள் இருட்டும் தெருக்களில் வீடு நோக்கி நடந்திருப்பார்கள்.