உருவொத்த நோய்கள்: சூலகக் கட்டியை இனங்கண்ட வரலாறு

மருத்துவ வரலாறு மருந்துகளின் வரலாறு மாத்திரமன்று. ஒன்றுபோலத் தோன்றும் நோய்களைப் பிரித்தறிய மனிதன் பட்ட பாட்டின் வரலாறுமாகும். இதற்குத் தக்க சான்று சூலகத்திலே தோன்றும் கட்டிகள். அடிவயிறு பருத்தல், வயிற்றில் நீர் கோத்தல், உடல் மெலிதல் ஆகிய குறிகளைக் கண்டவிடத்துச் சூலகப் புற்றுநோய் என ஐயுறுதல் இயல்பு. ஆயினும், மிக அரிதாக, அதே இடத்தில் அதே கோலத்தில் நிணநீர்ப் புற்றுநோயும் தோன்றுவதுண்டு. முன்னையதற்குச் சத்திரசிகிச்சை முதன்மையானது. பின்னையதற்கு மருந்தே முதன்மையானது. பெயர் பிழைப்பின் சிகிச்சையும் பிழைக்கும்.

யாழ்ப்பாணத்தில் மேனாட்டு மருத்துவக் கல்விக்கு வித்திட்டவர்களுள் தலைசிறந்தவர் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847ஆம் ஆண்டு இங்கு வந்த அவர், மானிப்பாயில் வைத்தியசாலை நிறுவி, மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம் முதலிய நூல்கள் அவர் முயற்சியால் தமிழில் வெளிவந்தன. உறுப்புக்கும் நோய்க்கும் நம் மொழியிற் பெயரிட்டு வழங்கும் பணி அங்ஙனம் தொடங்கிற்று.

அக்காலத்தில் வைத்தியர்க்குக் கண்ணும் கையுமே பெருந்துணை. அமெரிக்காவின் கென்ரக்கியில் 1809ஆம் ஆண்டு எப்றைம் மக்டவல் என்பவர், மயக்கமருந்தும் இல்லாத நிலையில், சுமார் 10 கிலோகிராம் எடையுள்ள சூலகக் கட்டியை அகற்றி நோயாளியைப் பிழைப்பித்தார். கட்டியை எடுக்கும் வழி பிறந்தது. கட்டி எவ்வினத்தது என்று அறியும் வழி பின்னரே பிறந்தது.

இலண்டன் கைஸ் வைத்தியசாலையின் தோமஸ் ஹொட்ச்கின், 1832இல், நிணநீர்க் கணுக்களும் மண்ணீரலும் வீங்கி இறந்த எழுவரைப் பற்றி எழுதினார். அந்நோய் பின்னர் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. ஆனால், பேணிவைக்கப்பட்ட இழையங்கள் சிலவற்றை 1926இல் நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தபோது, அவை யாவும் ஒரே நோயல்ல என்பது புலனாயிற்று. நோயைக் கண்டறிந்த பேரறிஞரின் கண்ணுக்கும் புறத்தோற்றம் தெளிவு தரவில்லை.

1958ஆம் ஆண்டு, உகண்டாவிற் பணியாற்றிய டெனிஸ் பேர்க்கிற், சிறுவர் தாடையில் விரைந்து வளரும் ஒரு கட்டியை விவரித்தார். அது நிணநீர்ப் புற்றுநோயின் ஒருவகை எனப் பின்னர் அறியப்பட்டது. சிறுமியரில் அது சூலகங்கள் இரண்டையுமே பற்றுவதுண்டு. கத்தியால் தீராத அக்கட்டிகள் மருந்தினாற் கரைந்தமை, இனமறிதலின் பயனை உலகுக்கு உணர்த்திற்று.

1981இல் அறியப்பட்ட சிஏ 125 என்னும் குருதிக்குறி சூலகப் புற்றுநோயை ஆராய உதவுகின்றது. எனினும் நிணநீர்ப் புற்றுநோயிலும், வயிற்றறையின் உட்சவ்வைப் பற்றிய சயரோகத்திலும் அது உயரலாம். எனவே அதனையே முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. ஊசி செலுத்தி இழையம் எடுப்பின், சூலகப் புற்றாயின் அது பரவக்கூடும் என்ற அச்சமும் உண்டு. ஆதலால் வயிற்று நீரிலுள்ள கலங்களையோ, வீங்கிய நிணநீர்க் கணுவையோ முதலில் ஆராய்வர். சத்திரசிகிச்சை நடைபெறும்போதே சிறு துண்டை உறையவைத்துப் பார்த்தலும் வழக்கு. 1975இல் கோலரும் மில்ஸ்ரைனும் வகுத்த முறையால் ஆக்கப்படும் பிறபொருளெதிரிகள், கலத்தின் மேலுள்ள புரதங்களை இனங்காட்டி ஐயத்தைத் தீர்க்கின்றன.

குடாநாட்டில் இத்துறை படிப்படியாக வளர்ந்தது. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவபீடம் தோன்றிற்று. நாட்டின் தென்முனைக்கும் வடமுனைக்கும் இடையே 2011இல் நிகழ்ந்த நெடுநடையின்போது திரட்டிய நிதியால், தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலைக் கட்டடம் எழுந்து 2013இல் திறக்கப்பட்டது.

மகப்பேறு காணாத இளம்பெண் ஒருத்திக்கு இவ்வாராய்ச்சி ஏட்டளவானதன்று. மருந்தினால் தீரத்தக்க நோய்க்காகச் சூலகமும் கருப்பையும் அகற்றப்படின், இழந்தது மீளாது. இனமறியாது நாட்கடத்தினும் உயிருக்கே இடர். விரைவும் பொறுமையும் ஒருங்கே வேண்டும் இடம் இது. நுணுக்குக்காட்டியின் முன் அமர்ந்து, நோயாளியின் முகத்தையும் காணாது உழைக்கும் நோயியலறிஞரின் ஒரு சொல்லே கத்தியின் போக்கை வகுக்கின்றது. கிறீன் வைத்தியர் காலத்தில் தொடங்கிய பெயரிடும் பணி, இன்று கலத்தளவில் நுண்ணிதாகத் தொடர்கின்றது. அப்பணியை மேற்கொள்ள இளைஞர் பலர் முன்வருதல் இந்நாட்டின் தேவையாகும்.