மெய்ப்பாடும் எமோஜியும்

உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படும் வகைகளைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டாகப் பகுத்தார். ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களும் கூறினார். அழுகை இழப்பினால் மட்டுமா வருகிறது? இழிவு, தளர்ச்சி, வறுமை ஆகியவற்றாலும் வரும் என்கிறார். நகைக்கு அவர் கூறும் முதற்காரணம் எள்ளல்.

எழுத்தில் முகம் இல்லை. 1982 செப்டம்பர் 19 அன்று, கணினிவழி எழுதிய வேடிக்கையைப் பிறர் வினையாகக் கொள்ளாதிருக்க, கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ஃபால்மன் முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்துச் சிரித்த முகம் ஒன்றைப் பரிந்துரைத்தார். 1999இல் ஜப்பானின் டோகோமோ நிறுவனத்துக்காக ஷிகெடகா குரிடா 12க்கு 12 புள்ளிக் கட்டத்தில் 176 சித்திரங்களை உருவாக்கினார். 2010இல் யூனிகோடு 6.0 எமோஜியை உலகப் பொதுவாக்கியது.

வேடிக்கைக்குப் பிறந்த இக்குறிகள் இன்று துயரத்தையும் சுமக்கின்றன. 1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் நிறுவிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் அடிப்படை, செவிகொடுத்துக் கேட்பது. அங்கே குரலின் கனிவு மருந்தாகிறது. மனச்சோர்வுற்றோர் திரையில் எழுதி ஆறுதல் தேடுமிடத்தில் அக்கனிவைக் குறிதான் ஏற்க வேண்டும். ஆனால் குறி நிலையானதன்று. ஒரே எமோஜி வெவ்வேறு கைப்பேசிகளில் வெவ்வேறு முகம் காட்டுவதையும், அதனால் பொருள் திரிவதையும் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் காட்டினர். ஆறுதலாக அனுப்பிய புன்னகை எள்ளலாகச் சென்று சேரலாம்.

முகத்தையே காணாத வாசகரும் உண்டு. எங்கள் குமணன்சாவடியை அடுத்த பூந்தமல்லியில், பார்வைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் இயங்குகிறது. பார்வையற்றவருக்குத் திரைவாசிப்பான் எமோஜியின் பெயரைத்தான் படித்துக் காட்டும். ஒரே குறியைப் பத்து முறை இட்டால் பத்து முறையும் அப்பெயர் ஒலிக்கக்கூடும், ஆறுதல் இரைச்சலாகிவிடும். அவருக்குப் பெயரே முகம்.

2019இல் வெள்ளைக்கோலும் சக்கர நாற்காலியும் காதொலிக் கருவியும் எமோஜிகளாயின. 2020இல் இருவர் தழுவிக்கொள்ளும் உருவம் வந்தது. தழுவல் என்று செவியில் விழுந்தாலே அது தழுவல்தான், படம் தேவையில்லை. துயருற்றோருக்குக் குறி வரைபவர் முதலில் இப்படியொரு தெளிந்த பெயரைத் தேட வேண்டும். பின்னர் அம்முகம் எள்ளலுக்கு இடம் தருமா என்று சோதிக்க வேண்டும். நகைக்குள் எள்ளல் இருப்பதை நம் இலக்கணம் என்றோ சொல்லிவிட்டது. உடைந்திருப்பவர் அதைத்தான் முதலில் காண்பார்.