தடுத்ததுக்குக் கணக்கு உண்டா?

எங்க ஊர் தனுவச்சபுரம். தெரியாதவங்களுக்காக: திருவனந்தபுரம் - நாகர்கோவில் ரயில் பாதையில், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவுல வர்ற சின்ன ஸ்டேஷன். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நாலு தாலுகாக்களும் தமிழ்நாட்டோட சேர்ந்தப்போ, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளாவிலேயே நின்னுபோச்சு. அதனால எங்களுக்கு வீட்டுக்குள்ள தமிழ், வாசலைத் தாண்டினா மலையாளம். கடல் கடந்து வந்து இத்தனை வருஷம் ஆகியும் "நீங்க தமிழா, மலையாளியா?"ங்கிற கேள்வி மட்டும் கூடவே வருது :-)

பந்து விளையாட்டிலயும் இதே பாடுதான். எங்க தாலுகாவோட கடற்கரையில் பொழியூர். எல்லைக்கு அந்தப்பக்கம், குமரி மாவட்டத்தில் தூத்தூர், இரவிபுத்தன்துறை. எல்லாமே மீனவ ஊர்கள், எல்லாமே ஃபுட்பால் பைத்தியம் பிடிச்ச ஊர்கள். பொழியூர்ல இருந்து சந்தோஷ் டிராபிக்குப் போன பையன்கள் நிறைய பேர். ஐ.எஸ்.எல்.லில் ஆடின மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர். கேரளாவும் தமிழ்நாடும் மோதினா யாருக்குக் கை தட்டுறதுன்னு எங்க பக்கத்துல ஒரு குழப்பம் எப்பவும் உண்டு.

அந்தக் குழப்பத்தை உச்சத்துக்குக் கொண்டு போனது ஒரு பெண்கள் ஆட்டம். 2022 மே 26, புவனேஸ்வர் கலிங்கா ஸ்டேடியம். இந்தியப் பெண்கள் லீக்கின் கடைசி ஆட்டம். ஒரு பக்கம் கோழிக்கோட்டின் கோகுலம் கேரளா, இன்னொரு பக்கம் மதுரையின் சேது எஃப்.சி. ரெண்டு அணியும் அதுவரை ஒரு ஆட்டத்தில் கூடத் தோற்கலை. ஜெயிக்கிறவங்களுக்குக் கோப்பை, டிரா ஆனா கோகுலத்துக்கு. ஆரம்பத்திலேயே சேது ஒரு கோல் போட்டுட்டாங்க. கொஞ்ச நேரத்தில் கோகுலத்துக்கு ஒரு பெனால்டி. அதை எடுக்க வந்தவர் ஃபார்வர்டு இல்லை, பின்வரிசையில் நிக்கிற ஒரு டிஃபெண்டர். பந்து வலைக்குள்ள. கடைசியில் கோகுலம் 3-1.

அந்த டிஃபெண்டர் லோய்தோங்பம் ஆஷாலதா தேவி. மணிப்பூர்க்காரர். சுவாரசியம் என்னன்னா, 2019-ல் இதே சேது அணி முதல் முறையா லீக் கோப்பையை ஜெயிச்சப்போ அந்த அணியிலும் இவர் இருந்தார். தமிழ்நாட்டுக்கு ஒண்ணு, கேரளாவுக்கு ஒண்ணு. எங்க ஊர்க்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டக்காரர் கிடைப்பாரா? அவரைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

அவர் எந்த மண்ணுல வந்து நின்னார்னு புரியணும்னா கொஞ்சம் பின்னால போகணும். இந்தியப் பெண்கள் ஃபுட்பால் நேத்து முளைச்சதில்லை. 1980-ல் நம்ம கோழிக்கோட்டிலேயே ஆசியப் பெண்கள் போட்டி நடந்தது. அதில் இந்தியா ரெண்டு அணிகளை இறக்கி, அதில் ஒண்ணு இறுதி ஆட்டம் வரை போய் தைவானிடம் தோற்றது. 1983-லும் இரண்டாம் இடம். அதாவது ஒரு காலத்தில் ஆசியாவின் முதல் ரெண்டு அணிகளில் ஒண்ணு நம்மளுது! அப்புறம் பணமும் இல்லை, கவனிப்பும் இல்லை. 2009-ல், ரொம்ப நாளா சர்வதேச ஆட்டமே ஆடாததால் ஃபிஃபா தரவரிசையிலிருந்தே இந்தியாவின் பேரை எடுத்துட்டாங்க.

1993-ல் இம்பாலில் பிறந்த ஆஷாலதா தேசிய சீனியர் அணிக்குள் வந்தது 2011-ல். அப்போ நாட்டில் பெண்களுக்கு லீக்கே கிடையாது. ஆடிச் சம்பாதிக்கணும்னா வெளிநாடுதான். 2014-ல் மணிப்பூரின் பெம்பெம் தேவி மாலத்தீவு நியூ ரேடியன்ட் கிளப்புக்குப் போனார். அடுத்த வருஷம் அதே கிளப்புக்கு ஆஷாலதாவும் போனார். பிழைப்புக்காகக் கடல் தாண்டினது நாம மட்டும் இல்லைன்னு நினைச்சுக்கிட்டேன். இந்தியப் பெண்கள் லீக் ஆரம்பிச்சது 2016-17 சீசனில்தான்.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். இங்கே வாரக் கடைசியில் பிள்ளைகளை சாக்கர் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போற அப்பா அம்மாக்கள்ல நானும் ஒருத்தன். என் மகள் ஆடுறது பின்வரிசையில். ஊர்லேர்ந்து போன் வந்தா தாத்தா கேக்கிற முதல் கேள்வி, "மோளே, எத்தனை கோல் அடிச்சே?" அவ என்னத்தைச் சொல்வா? பந்து தன்கிட்ட வர்றதுக்கு முன்னாலயே எங்க வரும்னு கணிச்சு அங்க போய் நிக்கிறது, எதிராளியை ஓரத்துக்குத் தள்ளிக்கிட்டே போறது, பக்கத்துல நிக்கிறவளைக் கத்திக் கூப்பிட்டு வரிசையை நேராக்குறது... இதெல்லாம் எந்த ஸ்கோர் கார்டுலயும் வராது. நல்லா ஆடின டிஃபெண்டருக்கு மிஞ்சுறது ஒரே ஒரு எண். எதிரணி பேருக்கு நேரே ஒரு பூஜ்யம்.

ஆஷாலதா விஷயத்தில் அந்தப் பூஜ்யத்தையும் பிடுங்கிட்டாங்க. அந்தக் கதையைக் கேளுங்க.

2019 அவருக்கு நல்ல வருஷம். சேதுவோட லீக் கோப்பை. நேபாளத்து விராட்நகரில், அவர் கேப்டனா இருந்த இந்திய அணி இறுதி ஆட்டத்தில் நேபாளத்தை 3-1-ன்னு ஜெயிச்சு, தொடர்ந்து ஐந்தாவது முறையா தெற்காசியக் கோப்பையை எடுத்தது. ஆசியாவின் சிறந்த வீராங்கனை விருதுக்கும் அவர் பேர் போச்சு. விருது கிடைச்சது ஜப்பானின் சாகி குமகாய்க்கு. அவரும் பின்வரிசைக்காரர்தான். 2011 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் கடைசி பெனால்டியை அடிச்சவர். தோற்றாலும் யாரிடம் தோற்றார்னு பாருங்க.

அடுத்து 2022 ஜனவரி. ஆசியக் கோப்பை நம்ம நாட்டிலேயே. ஜெயிச்சுக்கிட்டே போனா உலகக் கோப்பைக்கே வழி திறக்கும். ஆஷாலதாதான் கேப்டன். 20-ஆம் தேதி நவி மும்பையில் முதல் ஆட்டம், ஈரானுடன் 0-0. மூணு நாள் கழிச்சு தைவானுடன் ஆட வேண்டிய நேரத்தில் அணிக்குள்ள கொரோனா. களம் இறங்கத் தேவையான 13 பேர் கூடத் தேறலை. ஆட்டம் நடக்கலை. விதிப்படி இந்தியா போட்டியை விட்டு விலகினதா முடிவு பண்ணி, ஏற்கனவே ஆடின ஈரான் ஆட்டத்தையும் செல்லாதுன்னு அறிவிச்சாங்க. தொண்ணூறு நிமிஷம் நின்னு காப்பாத்தின அந்தப் பூஜ்யம் புள்ளிப் பட்டியலிலேயே இல்லை.

அதே வருஷம் ஆகஸ்ட். மே மாசம் லீக்கை ஜெயிச்ச கோகுலம், ஆசிய கிளப் போட்டிக்காக உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்டுக்குப் போய் இறங்கினாங்க. அதுக்குள்ள, இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் நிர்வாகத்தில் வெளியார் தலையீடு இருக்குன்னு சொல்லி ஃபிஃபா இந்தியாவையே இடைநீக்கம் பண்ணிடுச்சு. நிர்வாகம் பண்ணினவங்க ஊர்ல, தண்டனை தாஷ்கண்டுல நின்ன பெண்களுக்கு. தடை 26-ஆம் தேதி நீங்குச்சு, ஆனா ஆடுற வாய்ப்பு அதுக்குள்ள போயிடுச்சு. அதுக்கு முந்தின வருஷம் ஜோர்டானின் அகாபாவில் இதே போட்டியில் கோகுலம் உஸ்பெகிஸ்தான் கிளப்பை 3-1-ன்னு ஜெயிச்சிருந்தது. அதைவிட மேல போயிருப்பாங்களா? பதில் சொல்ல யாராலும் முடியாது.

ஒரே வருஷத்தில் ரெண்டு தடவை. ஒண்ணு கிருமி, இன்னொண்ணு நாற்காலிச் சண்டை. எந்த டிஃபெண்டரும் டாக்கிள் பண்ண முடியாத எதிரிகள். 28, 29 வயசுங்கிறது ஒரு பின்வரிசை ஆட்டக்காரரின் நல்ல பருவம். அது திரும்ப வராது. வேற வேலையா இருந்தா இந்த வருஷம் போனா அடுத்த வருஷம்னு சொல்லலாம். இதில் அது செல்லாது.

அவர் நிறுத்தலை. 2024 அக்டோபர், காத்மாண்டு. தெற்காசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டம். இந்தியாவுக்காக 100 சர்வதேச ஆட்டங்கள் ஆடின முதல் பெண் ஆனார். அந்த முறை கோப்பை கிடைக்கலை. ஆனா 2024-25 சீசனில் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் லீக்கை ஜெயிச்சப்போ அந்த அணியிலும் இவர்தான். மதுரை, கோழிக்கோடு, கொல்கத்தா. மூணு ஊர், மூணு மொழி, மூணு இடத்திலயும் கோப்பை. பிறந்த ஊர் எதுவும் இதில் இல்லை.

2025 ஜூலையில் இந்தியப் பெண்கள் அணி தாய்லாந்தை அவங்க மண்ணிலேயே 2-1-ன்னு தோற்கடிச்சு, முதல் முறையா தகுதிச் சுற்றில் ஜெயிச்சு ஆசியக் கோப்பைக்குள் போனது. ரெண்டு கோலும் சங்கீதா பாஸ்போர் அடிச்சது. அது பதிவாகியிருக்கு, பதிவாகணும். ஆனா தரவரிசையில் பேரே இல்லாம போன ஒரு அணி அந்த நாள் வரைக்கும் உடையாம வந்து சேர்ந்ததுக்கு, பின்னால நின்னு தடுத்தவங்களும் காரணம். அந்தக் கணக்கை யாரும் எழுதி வைக்கிறதில்லை.

அப்பாகிட்ட சொல்லிட்டேன், இனிமே பேத்திகிட்ட "எத்தனை கோல் விடாம பார்த்துக்கிட்டே?"ன்னு கேளுங்கன்னு. உங்க வீட்டுலயும் ஒரு டிஃபெண்டர் இருந்தா அப்படிக் கேட்டுப் பாருங்க.