வன உரிமைப் பட்டா பிறந்த கதை

இலுப்பூர் தாலுகா ஆபீஸில் நிலம் சம்பந்தமாக யார் போய் நின்றாலும் முதலில் கேட்பது பட்டா, சிட்டா, அடங்கல்தான். தலைமுறை தலைமுறையாகக் காட்டில் வாழ்ந்த இருளர், பளியர், காணிக்காரர்களிடம் இந்தத் தாள்கள் ஏது? 1882ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டத்தின் கீழ் வெள்ளைக்காரன் காடுகளைக் காப்புக்காடாக்கினான். அவர்கள் உழுத நிலமும் தேனெடுத்த பாறையும் அரசாங்கக் கணக்கில் ஏறின. அவர்களுக்கு ஆக்கிரமிப்பாளர் என்ற பெயர் மட்டுமே மிஞ்சியது. சுதந்திரம் வந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை.

நீலகிரி மாவட்டம் கூடலூரில் மரம் வெட்டப்படுவதை எதிர்த்து 1995இல் கோதவர்மன் திருமுல்பாட் தொடுத்த வழக்கு, நாட்டின் எல்லாக் காடுகளையும் பற்றிய வழக்காக வளர்ந்தது. அதைக் காரணம் காட்டி, 2002 மே 3 அன்று, ஆக்கிரமிப்புகளை அகற்றும்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. அசாமில் யானைகளை விட்டே குடிசைகளை இடித்தார்கள். அந்தக் கொதிப்பில் நாடெங்கும் பழங்குடி அமைப்புகள் ஒன்றுசேர்ந்தன. 2005 டிசம்பர் 13 அன்று வன உரிமை மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. 2006 டிசம்பரில் வன உரிமைச் சட்டம் நிறைவேறியது. பழங்குடிகளுக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டது என்பதை அதன் முகவுரையே ஒப்புக்கொள்கிறது.

அந்தச் சட்டத்துக்கு 2008இல் வந்த விதிகள்தான் வன உரிமைப் பட்டாவின் உயிர். ஊர்ப் பெரியவர் சொல்லி எழுதிவைத்த வாக்குமூலம் சாட்சி. குடிசை, வரப்பு, கிணறு, முன்னோரைப் புதைத்த இடுகாடு, சாமி கும்பிடும் இடம் எல்லாமே சாட்சி. இவற்றில் இரண்டு இருந்தால் போதும். மனுவை முதலில் விசாரிப்பது கிராம சபை. மசோதா வந்த அந்த நாளுக்கு முன்பே அனுபவத்தில் இருந்த நிலத்துக்கு, 4 ஹெக்டேர் வரை உரிமை உண்டு. கணவன், மனைவி இருவர் பெயரிலும் பட்டா. பிள்ளைகளுக்குப் போகும், விற்க முடியாது.

தமிழ்நாட்டுக்கு அது சுலபத்தில் வரவில்லை. நீதிமன்ற அனுமதியின்றிப் பட்டா கொடுக்கக் கூடாதென்று 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவு, 2016இல்தான் உச்ச நீதிமன்றத்தில் விலகியது. 2019 பிப்ரவரியில், மனு தள்ளுபடியான லட்சக்கணக்கான குடும்பங்களை வெளியேற்றச் சொன்ன உச்ச நீதிமன்றமே, இரண்டு வாரத்தில் அதை நிறுத்திவைத்தது.

பழங்குடிக் குடும்பத்திடம் தாள் இல்லை என்று மனுவைத் தள்ளும் அதிகாரி, சட்டத்தையே தள்ளுகிறார். அப்படித் தள்ளப்பட்டவர்கள் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தெரிந்தவர்கள் இதைத் தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள்.