தோற்றவனின் பெயரைச் சுமந்த கல்

முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் ஒரு நினைவுக்கல் எழுந்தது. கப்டன் வொன் டிறிபேர்க் இந்தப் பக்கத்தில் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார், 1803 ஒக்ரோபர் 31 என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிற கல் அது. அதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை.

'இந்தப் பக்கத்தில்' என்ற சொல்லை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பேன். சண்டை நடந்த இடம் இதுதான் என்று விரல் நீட்டிச் சொல்ல, கல்லை நட்டவர்களால் முடியவில்லை. வென்றவர்களுக்கு அந்தக் காடு கடைசிவரை பிடிபடவில்லை என்பதற்கு அந்த ஒரு சொல்லே சாட்சி.

கல் சொல்லாமல் விட்ட முன்கதை பெரியது. பனங்காமம், முள்ளியவளை, கரிக்கட்டுமூலை என்று பற்றுப் பற்றாகப் பிரிந்து கிடந்த வன்னி நிலத்தை வன்னியர்கள் என்ற சிற்றரசர்கள் ஆண்டார்கள். பண்டாரவன்னியன் அவர்களில் ஒருவன். ஒல்லாந்தருக்கு யானைகளைத் திறையாகக் கொடுக்க ஒப்புக்கொண்டும், பல வருடம் கொடுக்காமலே காலம் கடத்தினார்கள். அடங்காப்பற்று என்ற பெயர் அந்த மண்ணுக்குச் சும்மா வரவில்லை. 1795இல் முல்லைத்தீவு ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1803 ஜூனில் கண்டியில் ஆங்கிலப் படை அழிந்தது. அதே வருடம் ஓகஸ்ட் 25இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவைத் தாக்கிப் பிடித்தான். அங்கே காவலுக்கு இருந்த ஆங்கிலப் படையின் தலைவர், கல்லில் பெயர் உள்ள இதே டிறிபேர்க்தான். கடல்வழியே யாழ்ப்பாணத்துக்குத் தப்பிப் போனார். வன்னியனின் ஆட்கள் ஆனையிறவு வரை போனார்கள்.

பிறகு யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என்று மூன்று பக்கத்தாலும் ஆங்கிலப் படை வந்தது. ஒக்ரோபர் 31இல் கற்சிலைமடுவில் வன்னியனின் பாளையத்தை எதிர்பாராத நேரத்தில் தாக்கினார் டிறிபேர்க். ஓகஸ்டில் ஓடியவர் ஒக்ரோபரில் வென்றார். கல்லில் நிலைத்தது அந்தப் பின்பாதி மட்டும்.

ஊரின் பெயரையும் பாருங்கள். கச்சிலைமடு என்றும் எழுதுவார்கள், கற்சிலைமடு என்றும் எழுதுவார்கள். கல் வந்து நின்ற பிறகு 'கற்சிலை' என்ற வடிவம்தான் நாக்கில் நன்றாகப் பொருந்தியிருக்கும் என்பது என் எண்ணம்.

கல் 'தோற்கடித்தார்' என்றுதான் சொல்கிறது, 'கொன்றார்' என்று சொல்லவில்லை. அந்தச் சண்டைக்குப் பிறகும் அவன் உயிரோடு இருந்ததாகவே ஆங்கிலேயரின் பழைய குறிப்புகள் காட்டுகின்றன. ஆனால் வன்னியின் நினைவில் அவன் அன்றைக்கே அந்த மண்ணில் விழுந்துவிட்டான். அந்த வெற்றிடத்தில்தான் கதைகள் முளைத்தன. காக்கை வன்னியன் என்ற சிற்றரசன் காட்டிக்கொடுத்தான் என்றார்கள். குருவிச்சை நாச்சி என்ற பெண்ணையும் கதைக்குள் கொண்டுவந்தார்கள். முள்ளியவளை எழுத்தாளர் முல்லைமணி 'பண்டாரவன்னியன்' நாடகத்தை எழுதினார். தமிழ்நாட்டில் கலைஞர் கருணாநிதி 'பாயும்புலி பண்டாரக வன்னியன்' என்று நாவலே எழுதினார். பகைவன் வெட்டிய ஒற்றை வரியிலிருந்து ஓர் அரசனின் முழு வாழ்க்கையையும் கற்பனையில் கட்டி எழுப்பினார்கள். வரலாற்றாசிரியர்கள் இதில் எத்தனை பிழை சொன்னாலும், அந்தக் கற்பனையை என்னால் பொய் என்று தள்ள முடியாது. தங்கள் பக்கத்துக் கதையை எழுதிவைக்க யாரும் இல்லாத சனம், தாங்களே சொல்லி அதைக் காப்பாற்றிய வழி அது.

இன்று வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அவனுக்குச் சிலை இருக்கிறது. நீண்டகாலம் ஒக்ரோபர் 31தான் அவனது நினைவுநாளாக இருந்தது, அதாவது கல்லில் எதிரி வெட்டிய நாள். இப்போது முல்லைத்தீவில் அவன் சிலைக்கு மாலை போடுவது ஓகஸ்ட் 25இல். அந்தக் கல்லில் எங்கேயும் இல்லாத திகதி அது.