குடையும் குவிமாடமும்

கட்டட உச்சியில் அமையும் சிறு குவிமாடம் ஐரோப்பியக் கட்டடக்கலையில் பெரும்பாலும் ஒளியும் காற்றும் புகும் வாயிலாகப் பயன்பட்டது. அதனோடு வடிவொப்புமை உடைய இந்தியச் 'சத்ரி'யின் பயன் வேறு. தூண்கள்மீது கவிந்து நாற்புறமும் திறந்து நிற்கும் இவ்வமைப்பின் பெயர், குடை எனப் பொருள்படும் வடசொல்லின் வழிவந்ததாகும். இராசபுத்திர அரசர்களை எரியூட்டிய இடங்களில் இது நினைவுச்சின்னமாயிற்று. மராத்தியரும் இம்மரபைப் பின்பற்றினர்.

கராடி உள்ளிட்ட புணே மாநகரில் வானவடி என்னும் பகுதியிலுள்ள 'ஷிண்டே சத்ரி' இதற்குத் தக்க சான்றாகும். 1761-இல் நிகழ்ந்த பானிபட்டுப் போரில் உயிர்தப்பி, பின்னர் வடஇந்தியாவில் மராத்தியர் அதிகாரத்தை மீட்டெடுத்த படைத்தலைவர் மகாதஜி ஷிண்டே 1794-இல் வானவடியில் மறைந்தார். அவரை எரியூட்டிய இடத்தில் எழுந்த நினைவகம் முழுமையும், சிவன் கோயில் உட்பட, இன்று 'சத்ரி' என்றே வழங்குகிறது. உறுப்பின் பெயர் முழுமைக்கு ஆகிவந்தமையால் இதனைச் சினையாகுபெயர் எனலாம்.

சங்க இலக்கியத்தில் வெண்கொற்றக்குடை ஆளும் அரசனுக்குரியது. நடுகல் மாய்ந்த வீரனுக்குரியது. தமிழ் மரபில் தனித்தனியே நின்ற இவ்விரு குறியீடுகளும் சத்ரியில் ஒன்றிணைகின்றன. இதனைக் 'குவிமாடம்' என்று மட்டும் மொழிபெயர்த்தால் வடிவம் எஞ்சும், குடை மறையும். 'குடைமாடம்' என்பதே பொருந்தும் கலைச்சொல்லாகும்.