இரணைமடு நீரும் அளவுகோலின் அரசியலும்

பல கணினிகள் ஒரே வேளையில் இயங்கி, பயனாளரின் வேண்டுகைகளுக்கு உடனுக்குடன் விடையளிக்கும் பரம்பல் முறைமைகளின் செயல்திறனை எவ்வாறு அளப்பது என்பது நுட்பவியலார்க்கே உரிய வினாவாகக் கருதப்படுகின்றது. கிளிநொச்சியின் நீர்ப்பாசன வரலாற்றை நோக்குமிடத்து, அது சமூக உறவுகளோடு பிணைந்த வினா என்பது புலனாகும்.

கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளத்தைக் கட்டும் பணி 1902இல் தொடங்கிற்று. 1930களிற் குடியேற்றத் திட்டங்கள் வளர்ந்தன. அணைக்கட்டுப் பல கட்டங்களில் உயர்த்தப்பட்டது. போருக்குப் பிந்திய புனரமைப்பில் முழுக் கொள்ளளவு மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியாயிற்று. ஒவ்வொரு கட்டத்திலும் சாதனை அடியாலும் ஏக்கர்-அடியாலும் அளக்கப்பட்டது. இவை யாவும் மொத்தங்களே. இடதுகரை, வலதுகரை வாய்க்கால்களில் எண்ணற்ற வயல்கள் ஒரே வேளையில் நீர் கேட்கும்போது, கடைக்கோடி வயலுக்கு அது எத்தனை நாள் பிந்திச் சேர்கின்றது என்பதை மொத்தம் கூறாது. நீர் அருகும் சிறுபோகத்தில் அப்பிந்துகையே விளைச்சலைத் தீர்மானிக்கின்றது.

காத்திருப்பைக் கணிதமாக்கும் முயற்சி புதியதன்று. கோப்பன்கேகனில் தொலைபேசி அழைப்புகளை ஆராய்ந்த எர்லாங் 1909இலேயே அதற்கு அடிகோலினார். 2013இல் டீன், பரோசோ ஆகியோர் சராசரியின் போதாமையை எடுத்துக்காட்டினர். நூறு முறைக்கு ஒருமுறை மட்டுமே ஒரு வினாடிக்கு மேல் தாமதிக்கும் கணினிகள் நூறிடம் ஒரு வேண்டுகை பகிரப்பட்டு, அனைத்தின் விடைக்கும் அது காத்திருக்க நேரின், 100 வேண்டுகைகளுள் 63 ஒரு வினாடிக்கு மேல் தாமதமாகும். ஆகவே மிகப் பிந்துவதையே அளந்து, அதனைக் குறைப்பதே மேம்பாடாகும். ஒரு கணினி பிந்தினால் அதே வேண்டுகையை மற்றொன்றுக்கும் அனுப்புவது அவர்கள் கூறிய வழிகளுள் ஒன்று.

இங்கு ஓர் அடிப்படை வேறுபாட்டை நாம் மனங்கொள்ளல் வேண்டும். கணினி முறைமையில் கடைசியானதன் தாமதம் முழு விடையையும் தாமதப்படுத்துகின்றது. நிறுவனத்தின் வருவாயையும் பாதிக்கின்றது. எனவே அது அளக்கப்படுகின்றது. வாய்க்காலின் கடைக்கோடியில் உள்ள கமக்காரரின் தாமதமோ அவரை மட்டுமே வாட்டுகின்றது. எனவே கணக்கில் ஏறுவதில்லை. எதனை அளப்பது என்பதை இழப்பு யாருடையது என்பதே நிர்ணயிக்கின்றது.

2018 டிசம்பர் வெள்ளம் இதன் மறுபக்கத்தைக் காட்டிற்று. வான்கதவுகள் எப்போது திறக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற விவாதம் எழுந்தது. நீரேந்து பகுதியின் மழை, குளத்தின் மட்டம், கதவின் இயக்கம், கீழ்ப்புற மக்களுக்கான எச்சரிக்கை ஆகியன ஒரே வேளையில் இணைய வேண்டிய முறைமை அது. அங்கும் எச்சரிக்கை கடைசி வீட்டை எட்டும் நேரமே உண்மையான அளவுகோல்.

எனவே, அணையை உயர்த்துவது மட்டும் மேம்பாடாகாது. நீர்முறையை வகுக்கும் கூட்டத்திற் கடைக்கோடிக் கமக்காரரின் காத்திருப்பும் ஏக்கர்க் கணக்கோடு பதிவாதல் வேண்டும். அளவுகோலைத் தெரிவு செய்யும் உரிமை உழைப்போரிடம் சேரும்போதே அளவீடு விஞ்ஞானமாகும்.